நாளை யாருடையது?

"நாளை என்ன ஆகும்?" — கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைக் குப்பங்களில் இந்த மூன்று சொற்களைக் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன்னே ஒரு பெருமூச்சு வரும். "அவர்கள் ஏதோ முடிவு செய்துவிட்டார்கள், நமக்கு என்ன தெரியும்?" என்ற சொல் பின்னே வரும். உட்பகுதிக்குத் திரும்பி, செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரை ஊர்களிலே அதையே கேளுங்கள். "வயலெல்லாம் மனையாகிறது; ஏரி இன்னும் எத்தனை நாளைக்கோ! எல்லாம் அவர்கள் கையில்" என்பார் உழவர்.

யார் அந்த 'அவர்கள்'? பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. முகம் கேட்டால் காட்டத் தெரியாது. ஆயினும் தன் பிள்ளையின் எதிர்காலம் அந்தப் பெயரற்றவர் கையிலே இருக்கிறது என்று எண்ணுகிறான் எளியவன். எண்ணி அஞ்சுகிறான். அஞ்சி அஞ்சி அலுத்தபின், கவலைப்படுவதையே விட்டுவிடுகிறான். அச்சத்தினும் கொடிய நோய் இந்த அலுப்பு! அஞ்சுபவன் கதவைத் தட்டுவான். அலுத்தவனோ, கதவு திறந்தே கிடந்தாலும் உள்ளே நுழையான்.

இந்நோய்க்கு மருந்து என்ன? வாக்குறுதி என்பர் சிலர். பெருந்திட்டம் என்பர் சிலர். விதியை நொந்து வீட்டில் இரு என்பர் வேறு சிலர். நாம் சொல்கிறோம்: மக்கள் கூடி அமர்ந்து, விவரம் அறிந்து, வினா எழுப்பி, தம் முடிவைத் தாமே ஏட்டில் எழுதி வைக்கும் உரிமை — அதுவே மருந்து. வரப்போவது நல்லதா கெட்டதா என்பது மட்டுமே மனிதனின் மனத்தை ஆட்டுவிப்பதில்லை. வரப்போவதை வடிப்பதிலே தனக்கும் ஒரு பங்கு உண்டா என்பதே அவனை நிமிர வைக்கிறது. இல்லையேல் குனிய வைக்கிறது.

"கூடிப் பேசினால் கடல் பின்வாங்குமோ? தீர்மானம் போட்டால் ஏரி நிரம்புமோ?" என்று நையாண்டி பேசும் நண்பர்கள் உண்டு. கடல் பின்வாங்காது, மெய்தான். ஆனால், கரையிலே கற்களைக் கொட்டுவது எங்கே, கட்டுமரமும் படகும் இழுத்து நிறுத்த மணல் விடுவது எவ்வளவு, ஆலைக்கென அளந்து கொடுக்கும் நிலம் எது — இவற்றை முடிவு செய்வது கடலா? மனிதரன்றோ! மனிதர் செய்த முடிவை மனிதர் மாற்றலாம் என்ற அறிவு பிறந்தவுடன், உருவமற்ற அச்சம் உருவமுள்ள கேள்வியாகிறது. கேள்விக்கு விடை தேடலாம். அச்சத்துக்கு ஏது விடை?

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதுமான உத்திரமேரூருக்குச் செல்லுங்கள். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே பேசுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் கையால் எடுத்த ஓலையில் எவர் பெயர் இருந்ததோ, அவரே வாரியப் பெருமக்களுள் ஒருவர். ஆட்டை வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். வயது 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வரலாகாது!

ஏரிக்கென்று ஒரு வாரியம் ஏன்? ஏரியென்பது அடுத்த ஆண்டுக்கான சோறு. இன்று தூர் எடுப்பவன் நாளைய நீருக்காக எடுக்கிறான். கணக்குக் கேட்க ஒரு சபை இருக்கிறது, கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற உறுதி இருந்தால்தான், காணாத நாளைக்காகக் கையிலுள்ள காசையும் மெய் உழைப்பையும் தர மனிதன் துணிவான். நம்பிக்கை வானத்திலிருந்து இறங்குவதில்லை, கணக்கேட்டிலிருந்து எழுகிறது.

ஆனால், தோழர்களே, பழம்பெருமை பாடிப் பல்லாக்கில் ஏற நாம் இங்கு வரவில்லை. அந்தக் குடத்தினுள் யாருடைய ஓலை விழுந்தது? உத்திரமேரூர் பிரமதேயம். வரி செலுத்தும் நிலம் கால்வேலியேனும், தன் மனையிலே வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். ஏரியைத் தூர் வாரியவனின் பெயர் ஓலையில் இல்லை. நாற்று நட்டவளின் பெயர் நினைப்பிலும் இல்லை. சபைக்குள் இருந்தோருக்கு நாளை இருந்தது. சபைக்கு வெளியே நின்றோருக்கு, நேற்று எப்படியோ நாளையும் அப்படியே என்ற ஒரே விதி. குடவோலையைப் போற்றுவோர் முறையைப் போற்றட்டும். மூடிய கதவையும் சேர்த்துப் போற்ற வேண்டாம்.

கதவுக்கு வெளியே நின்றோரின் கதை என்னவாயிற்று? அதற்கும் செங்கற்பட்டே சாட்சி. 1891-இல் இம்மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர், நிலமற்ற ஆதிதிராவிட மக்களின் நிலை குறித்துச் சென்னைச் சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசை மண்ணுங்கூட மிராசுதாருடையது. முறைத்துப் பார்த்தால் குடிசையும் போகும் என்ற வாழ்வை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் பயனாக 1892-இல் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலம் ஒதுக்கப்பட்டதாகச் சொல்வர். 10 ஆண்டுகளுக்கு விற்கலாகாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றி வேறெவர்க்கும் விற்கலாகாது என்பது நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் நின்றது. நிலமோ நழுவிச் சென்றது. ஏன்? கலெக்டர் நல்லவராக இருக்கலாம். அறிக்கை உண்மையாகவும் இருக்கலாம். எனினும், அது அம்மக்களைப் பற்றி ஒருவர் பேசிய பேச்சு. அம்மக்கள் பேசிய பேச்சன்று. பட்டா யார் பெயரில் மாறியது என்று ஊர் நடுவே எழுந்து கேட்க அவர்களுக்கு ஓர் அவை இல்லை. மக்களைக் கேளாது கொடுத்ததை, மக்களைக் கேளாது எடுத்துக்கொள்வதும் எளிதாயிற்று. நூறு ஆண்டு கழித்து, 1994 அக்டோபர் 10-இல், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. இருவர் உயிர் பறிபோயிற்று. அவ்வாண்டிலே தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி ஏதும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவிக்காலம் 1991-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது. ஊரிலே கேட்க அவை இல்லாதபோது, வீதியிலே கேட்க வேண்டி வந்தது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-இல் வந்த பேரலையை மறந்தவர் இக்கரையில் எவருமில்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் நிலையத்துள் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அலகு நிறுத்தப்பட்டது. உலைக்கு ஆபத்தில்லை என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு ஒன்று, ஐயமோ ஆயிரம்! அறிவிப்பு பொய் என்பதால் அன்று. கேள்வி கேட்க இடமில்லாத அறிவிப்பு என்பதால். "அஞ்ச வேண்டா" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் அச்சம் போகாது. "கேள், சொல்கிறேன்" என்று எதிரே அமர்ந்தால்தான் போகும்.

நெம்மேலியைப் பாருங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் அங்கே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலை வந்தது. சென்னையின் தாகம் பொய்யன்று; 2019-இல் குடங்களோடு வரிசையில் நின்ற தாய்மாரைக் கண்டவர் அதை மறுக்கமாட்டார். ஆனால், ஆலைப்பணி வந்தபின் கரை அரிக்கிறது, வலை உலர்த்தும் மணல் போயிற்று என்று பக்கத்துச் சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர் முறையிட்டனரே, அந்தக் குறையும் செவிகொடுத்துக் கேட்கத்தக்கதன்றோ! நகரத்தின் தண்ணீரும் குப்பத்தின் மணலும் எதிரிகளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருசாராரும் ஓரவையில் அமர்ந்து, குழாய் எங்கே, கல் எங்கே, இழப்புக்கு ஈடு என்ன என்று முன்னரே பேசியிருந்தால், ஆலையைக் காணும்போதெல்லாம் மீனவனுக்குப் பகை மூளாது. முடித்த பின் சமாதானம் சொல்வது வேறு. முடிவெடுக்கும் முன் ஆலோசனை கேட்பது வேறு.

"கேட்கிறோமே! பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறதே!" என்பர் அதிகாரிகள். 2006-இல் மத்திய சர்க்கார் பிறப்பித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அக்கூட்டங்கள் நடக்கின்றன. மக்கள் பேசுவர், குறித்துக்கொள்வர், கோப்பு மேலே போகும். போனது என்ன ஆயிற்று? பேசியவனுக்குத் தெரியாது. 2020-இல் வந்த வரைவு, மக்களுக்குத் தரும் 30 நாள் அவகாசத்தையும் 20 நாளாகக் குறைக்க முற்பட்டது. அந்த வரைவை எந்த மொழிகளில் வெளியிட்டனர்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் தர வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. தன் கடலைப் பற்றிய ஏட்டைத் தன் தமிழிலே படிக்க முடியாதவனிடம், "உன் கருத்து யாது?" என்று கேட்பது கருத்துக் கேட்பதா, கேலி செய்வதா?

இங்கே ஒன்றை ஆழ்ந்து கவனிக்க வேண்டும். பேசவிடாமல் தடுப்பது ஒரு தீங்கு. பேசச் சொல்லிவிட்டு, பேசியதைக் குப்பையில் எறிவது அதனினும் பெருந்தீங்கு. முன்னது சினத்தை வளர்க்கும். பின்னது நம்பிக்கையின் வேரையே அறுக்கும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அயர்லாந்து நாட்டில் 2016-இல், சீட்டுக் குலுக்கியதுபோல் பொதுமக்களிலிருந்து 99 பேரைத் தெரிந்தெடுத்து ஒரு குடிமக்கள் அவை கூட்டினர் — நம் குடவோலையின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்! நாட்டைப் பல ஆண்டு பிளவுபடுத்தி நின்ற கருக்கலைப்புச் சட்டத்தை அவர்கள் அமைதியாக அமர்ந்து ஆராய்ந்தனர். அவர்தம் பரிந்துரை நாடாளுமன்றம் சென்றது. 2018-இல் நாட்டு மக்கள் முன் வாக்கெடுப்புக்கு வந்தது. 66 விழுக்காட்டினர் மாற்றத்தை ஏற்றனர். பிரெஞ்சு நாட்டிலும் 2019-இல் 150 பேரைக் கொண்டு பருவநிலை குறித்து ஓரவை கூட்டினர். "நீங்கள் சொல்வதை வடிகட்டாமல் முன்வைப்பேன்" என்றார் அதிபர் மக்ரோன். அவர்கள் 149 யோசனைகள் தந்தனர். பல நீர்த்துப்போயின, சில நின்றுபோயின. 2021-இல் மீண்டும் கூடியபோது, அவ்வுறுப்பினரே சர்க்காருக்குக் குறைந்த மதிப்பெண் இட்டனர். அயர்லாந்தில் பேச்சு முடிவாயிற்று. பிரெஞ்சு நாட்டில் பேச்சுக்கும் முடிவுக்கும் நடுவே பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில்தான் மக்களின் மனம் விழுந்தது.

நம்மிடம் கருவி இல்லையா? இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. திருக்குறளின் 73-ஆவது அதிகாரம் எது தெரியுமா? அவையஞ்சாமை! தற்செயல்தான், ஆயினும் பொருத்தம் பாருங்கள். அதனை அடுத்து வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊர் வாக்காளர் அனைவரையும் கொண்ட கிராம சபைக்கு, ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரவும், தணிக்கை அறிக்கையை ஆராயவும் இடம் தருகிறது. உத்திரமேரூர் மூடிய கதவைச் சட்டம் திறந்துவிட்டது: நிலம் வேண்டா, வேதம் வேண்டா, ஆணாயிருக்க வேண்டா, வாக்காளராக இருந்தால் போதும். ஆண்டுக்கு 4 கூட்டம் என்றிருந்ததைத் தமிழக அரசு 2022-இல் 6 ஆக உயர்த்தியது.

பரோமிதா சன்யால், விஜயேந்திர ராவ் என்ற ஆய்வாளர் இருவர், தென்னகத்தின் 4 மாநிலங்களில் ஏறத்தாழ 300 கிராம சபைக் கூட்டங்களில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிந்து ஆராய்ந்தனர். எளியோர் அங்கே பிச்சை கேட்பதுபோல் பேசவில்லை. குடிமகனுக்குரிய மதிப்பைக் கோரிப் பேசினர். சர்க்கார் அவையை எவ்வாறு நடத்துகிறதோ, அதைப் பொறுத்தே பேச்சின் தரமும் அமைந்தது. குறை மக்களிடம் இல்லை என்பதற்கு இதனினும் வேறு என்ன வேண்டும்?

கருவியின் வலிமையை நம்மைவிட நன்கறிந்தவர், அதைக் கண்டு அஞ்சுவோர். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் தள்ளிப்போயிற்று. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு மட்டும் நடந்தது. அதற்குச் சின்னாள் முன்னர்தான் தனி மாவட்டமாகப் பிறந்த செங்கற்பட்டுக்கு 2021 அக்டோபர் வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுகள்! அந்த ஐந்தாண்டுக்குள் வர்தா புயல் வந்தது, தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, கொரோனா வந்தது. ஊரில் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. 2020 அக்டோபர் 2-இல் மத்திய வேளாண் சட்டங்களை எதிர்த்துக் கிராம சபைகள் தீர்மானம் போடக்கூடும் என்ற நிலை எழுந்தபோது, தொற்றைக் காரணம் காட்டி, கூட்டங்கள் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டன. ஓலைப் பாயில் அமர்ந்து ஊரார் கை தூக்குவது ஒன்றுமில்லாத செயலென்றால், அதை நிறுத்துவானேன்?

இதுவரை பிறரைச் சொன்னோம். இப்போது நம்மை நாமே கேட்போம், தோழர்களே!

கிராம சபை கூடும் நாளில் கழகத் தோழர் செய்வதென்ன? முன் வரிசையில் அமர்ந்து தலைவர் வரும்போது கை தட்டுவதா? எழுதிக் கொண்டுவந்த தீர்மானத்தை வாசித்ததும் "நிறைவேறியது" என்று குரல் கொடுப்பதா? கேள்வி கேட்க எழுந்த மூதாட்டியை, "உட்காரம்மா, பிறகு பார்க்கலாம்" என்று அடக்குவதா? அப்படி எங்கேனும் நடந்தால், அந்த ஊரிலே நாம் ஒரு கூட்டத்தை வென்றோம். ஓர் ஊரை இழந்தோம். நம் ஆட்சி நடந்தாலும் பிறர் ஆட்சி நடந்தாலும் இதிலே நமக்கு இரண்டு நீதி இருத்தல் ஆகாது. எதிர்க்கட்சியாக இருக்கையில் "மக்களைக் கேள்" என்பதும், அதிகாரம் வந்ததும் "மக்களுக்கு என்ன தெரியும்" என்பதும், நாமே அந்தப் பெயரற்ற 'அவர்கள்' ஆகிவிடும் வழி.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னரே வரவு செலவுக் கணக்கும் திட்ட விவரமும் தெளிந்த தமிழில், படிக்கத் தெரியாதார்க்கு வாய்மொழியாக, வீடு வீடாகச் செல்லட்டும்; குப்பத்துக்கும் செல்லட்டும், சேரிக்கும் செல்லட்டும். இரண்டாவது, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் வழிவழியாகப் பெண்ணுக்கு இருக்கை இல்லை. கிராம சபையில் உண்டு. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணும், களை எடுக்கும் பெண்ணும் முதலில் பேசட்டும். வேலை நேரம் பார்த்துக் கூட்டம் கூடட்டும். மூன்றாவது, சென்ற கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்பதே ஒவ்வொரு கூட்டத்தின் முதற்பொருளாகட்டும். நிறைவேறியதெனில் சொல்வோம், இல்லையெனில் எவர் மேசையில் நிற்கிறது என்பதைச் சொல்வோம். "முடியாது" என்ற விடையும் காரணத்தோடு வந்தால் மக்கள் பொறுப்பர். மௌனத்தை மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டா, மேடை வேண்டா, மாலை வேண்டா. பொறுமை வேண்டும். நம்மை எதிர்த்துப் பேசுபவனையும் பேசவிடும் துணிவு வேண்டும்.

கடல் நாளையும் அரிக்கும். மழை ஓராண்டு பெய்யும், ஓராண்டு பொய்க்கும். சென்னை நகரம் இன்னும் தெற்கே நகரும். வயல்களின் விலை இன்னும் ஏறும். இவற்றையெல்லாம் ஒரு தீர்மானத்தால் நிறுத்திவிடுவோம் என்று நாம் ஏமாற்றவில்லை. ஆனால், "அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்" என்ற பேச்சு ஒழிந்து, "நாங்கள் கூடி இப்படி முடிவு செய்தோம்" என்ற பேச்சு எந்த ஊரில் பிறக்கிறதோ, அந்த ஊரிலே தோல்வியும் மனிதனை முறித்துவிடாது. அடுத்த கூட்டத்துக்கு வருவான். அடுத்த கேள்வியைக் கேட்பான். தன் மகளையும் உடன் அழைத்து வருவான்.

அப்படி வருகிறவனுடையதே நாளை. அவனுக்குப் பாய் விரித்து வைப்பது நம் வேலை. அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள், தோழர்களே. கை தட்ட அல்ல, கேட்க!